ஸ்டெப்னியைப் புதைத்த இடம்

மவுன் நகரத்துக் கடையில் ஏசி ஓடவில்லை.
டெவால்ட் முதலில் காட்டியது வின்ச்.
"ஐந்து டன் இழுக்கும், ம்மா."
எதில் கட்டி?
"மரத்தில்."
நான் போகிற பக்கம் மரம் இல்லை.
இருந்த ஒன்றும் இப்போது
வரைபடத்தில் பெயராக மட்டும் நிற்கிறது.

அடுத்தது ஸ்நார்கெல்,
துதிக்கைபோலக் கூரைவரை ஏறுகிறது.
ஆற்றில் இறங்குகிறவர்களுக்கு நல்லது.
என் ஆறு வருடத்தில் பத்து மாதம் மணல்.

பிறகு விளக்குப் பட்டை, ஐம்பது அங்குலம்.
பொருத்திக்கூட இல்லை, கையில் பிடித்தே எரியவிட்டான்.
கண்ணாடிக்கு வெளியே தெருவில் நின்ற கழுதை
முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அதைப் பார்த்ததும்
போன மார்ச் ஞாபகம் வந்துவிட்டது.

நானும் கால்நடைத் துறை ஒன்கமெட்சேயும்.
ஐஸ் பெட்டியில் நானூறு தடுப்பூசி.
அப்பளம்போல் காய்ந்து கிடந்தது உப்புவெளி.
கீழே என்ன என்று அது சொல்லவில்லை.
ஆழம் தெரியாமல் காலை விட்டால்
காலை எடுத்துக்கொள்ளலாம்.
இரண்டரை டன்னை விட்டால்?
வண்டி அச்சுவரை இறங்கியது,
அவசரமே இல்லாமல்,
தொழுவத்தில் மாடு படுப்பதுபோல.

ஜாக் வைத்தோம்.
வண்டி ஏறவில்லை, ஜாக் இறங்கியது.
அதன்கீழ் பலகை வைத்தோம். பலகையும் இறங்கியது.
பலகைக்குக் கீழே வைக்க மிச்சமிருந்தது
சோளக்கஞ்சிப் பானையின் மூடி.

கடைசியில் ஸ்டெப்னியைப் புதைத்தோம்.
இடுப்பளவு குழி. தோண்டத் தோண்ட உப்புத்தண்ணீர்.
மண்வெட்டியின் பிடி என் முழங்கை நீளம்கூட இல்லை,
படம் பார்த்து வாங்கியது.
சக்கரத்தைக் கிடத்தி, சங்கிலி பூட்டி,
மண் தள்ளி மிதித்தபோது
ஒன்கமெட்சே தொப்பியைக் கழற்றினார்.
பழக்கதோஷம் என்றார்.
கை வின்ச்சை ஆளுக்கு நூறு தடவை ஆட்டினோம்.
எழுந்து வந்தது ஸ்டெப்னி.
மூன்றாம் நாள்வரைகூடக் காத்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் வந்தவர்கள்
ததயோனேயும் அவன் அக்கா கெபோனெயும்,
ஒன்பது கழுதைகளும்,
வரலாமா வேண்டாமா என்று தூரத்தில் நின்ற பத்தாவதும்.
கிழிந்த டயரில் வெட்டிய சேணம், கம்பி, கந்தல்.
நான் பெருமையாக மீட்புக் கயிற்றை எடுத்து நீட்டினேன்,
கால் சம்பளம், ரப்பர்போல நீளும்.
கெபோனெ அதை இழுத்துப் பார்த்தாள்.
"இது கழுதைக்கு ஆகாது.
அது இழுப்பதையெல்லாம் இதுவே தின்றுவிடும்."
பிறகு என் பெட்டியைத் தானே கிளறினாள்.
அடியில், நாலு வருடமாகப் பிரிக்காத உறையில்,
மரத்தைச் சுற்றிக் கட்டுகிற அகலப் பட்டை.
நீளாதது.
முன்கழுதையின் மார்பில் வைத்தாள்.
அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது.

கழுதைக்கு டன் கணக்குத் தெரியாது.
ஏழு இழுத்தன, இரண்டு யோசித்தன,
அப்புறம் அந்த இரண்டும் இழுத்தன.
சேறு வாயைத் திறந்து
ஒரு பெரிய ஏப்பம் விட்டது.

கூலியை எண்ணிக் கொடுத்தேன்.
பாதியைத் திருப்பித் தந்தாள்.
பட்டையைக் கழற்றவில்லை.
நானும் கேட்கவில்லை.

ஊசி மருந்து மொத்தமும் கெட்டுவிட்டது.
எட்டுப் பக்க அறிக்கை எழுதினேன்.
அதில் கழுதை என்ற சொல்லே இல்லை.
'உள்ளூர் உதவி' என்று ஓரிடத்தில் வருகிறது,
அதையும் மேலதிகாரி அடித்துவிட்டார்.

டெவால்ட் இன்னும் விளக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.
அணைத்துவிடு, தம்பி.
நீளப் பிடி மண்வெட்டி ஒன்று.
ஜாக்கின் கீழே வைக்க அகலத் தட்டு,
இருப்பதிலேயே அகலமானது.
டயர்க் காற்று பார்க்கிற மீட்டர், சின்ன கம்ப்ரஸர்.
அப்புறம் மரத்தில் கட்டும் பட்டை, இரண்டு.

"மரமே இல்லையென்றீர்களே, ம்மா?"

ஆமாம் என்றேன்.
மூன்றாகவே போடு.